சேஃப்டி ஷூ நாற்றம்: கழுவிய முறையும் நான் செய்த விசிறிப் பெட்டியும்

சேஃப்டி ஷூ நாறுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான்: அது ஒரு நாளும் முழுதாக உலர்வதில்லை. காலையில் மாட்டிக்கொண்டு போகிறோம். எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் அதற்குள்ளேயே நிற்கிறோம், நடக்கிறோம். அறைக்கு வந்ததும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம். மறுநாள் எழுந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தால் விரல் முனைப் பகுதி சில்லென்று ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தின் மேலேயே மறுபடியும் காலை நுழைக்கிறோம். ஒரு மாதம் இப்படிப் போனால், எவ்வளவு சுத்தமான ஆளின் ஷூவாக இருந்தாலும் நாறத்தான் செய்யும்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன்களில் ஒருவன், ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதற்காகவே யார் வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டான். உடை மாற்றும் அறையில் எல்லோரும் போன பிறகுதான் லேஸை அவிழ்ப்பான். இரண்டு வேளை குளிக்கிற பையன், தினமும் சாக்ஸ் துவைக்கிற பையன். அவனிடம் எந்தக் குறையும் இல்லை, அவன் ஷூவில்தான் குறை. அதை அவனுக்குப் புரியவைக்க வேண்டும் என்று ஆரம்பித்த வேலைதான் இது. அவன் ஷூவையும் என் ஷூவையும் சேர்த்தே சரிசெய்தோம்.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். பாதத்தில் சுரக்கும் வியர்வை கிட்டத்தட்ட வெறும் உப்புத் தண்ணீர். அதற்கென்று பெரிய வாடை கிடையாது. ஆனால் இரண்டு பாதங்களிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த ஈரத்தில் ஊறி உதிரும் தோல் செதில்களையும் வியர்வையில் கரைந்திருக்கும் பொருள்களையும் தோலில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஐசோவலேரிக் அமிலமாக மாற்றுகிறது. கால் நாற்றம் என்று நாம் சொல்லும் அந்தப் புளித்த வாடையில் பெரும்பங்கு இந்த அமிலத்துடையது. பிரெவிபாக்டீரியம் என்ற இன்னொரு வகை, கந்தகம் கலந்த வாயுவை வெளியிடுகிறது. லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியின் வாடைக்கும் இதே இனத்துப் பாக்டீரியாதான் காரணம். மலேரியா பரப்பும் ஆப்பிரிக்கக் கொசு ஒன்று கால் வாடைக்கும் அந்தப் பாலாடைக்கட்டிக்கும் ஒன்றுபோல ஈர்க்கப்படுகிறது என்று நெதர்லாந்தைச் சேர்ந்த பார்ட் நோல்ஸ் கண்டுபிடித்தார்; அந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2006இல் கிடைத்தது. வாடை மனிதர்களுக்கு மட்டும் எட்டுகிற விஷயம் இல்லை.

ஆக, விரட்ட வேண்டியவை மூன்று: ஏற்கெனவே ஊறிப்போன அமிலம், அதைத் தயாரிக்கும் கிருமி, கிருமி பெருகத் தேவையான ஈரம். கடையில் விற்கும் வாசனை ஸ்ப்ரே இந்த மூன்றில் ஒன்றையும் பெரிதாகத் தொடுவதில்லை. அடித்த கொஞ்ச நேரத்துக்கு மல்லிகையும் புளிப்பும் சேர்ந்து இன்னும் குமட்டும் ஒரு வாடை வரும், அவ்வளவுதான்.

ஷூவைத் தொடும் முன் பையனின் காலைப் பார்த்தேன். விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து, அரிப்பு இருந்தால் அது சேற்றுப்புண், பூஞ்சைத் தொற்று. உள்ளங்காலில் ஊசியால் குத்தியது போன்ற சிறு குழிகள் நிறைய இருந்தால் அது பாக்டீரியாவால் வரும் வேறொரு தொல்லை; அதுவும் கடுமையாக நாறும். இரண்டுக்கும் தோல் மருத்துவரிடம் எளிய மருந்து இருக்கிறது. காலைக் கவனிக்காமல் ஷூவை மட்டும் சுத்தம் செய்தால் கால் மறுபடியும் ஷூவுக்குக் கொடுக்கும். ஷூவை விட்டுவிட்டுக் காலை மட்டும் பார்த்தால் ஷூ காலுக்குத் திருப்பிக் கொடுக்கும். இந்தப் பையனுக்கு இரண்டு கால்களிலும் நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு நடுவே சேற்றுப்புண் இருந்தது. மருத்துவர் தந்த களிம்பையும் ஷூ வேலையையும் ஒரே வாரத்தில் தொடங்கினோம்.

இனி ஷூ. சாதாரண ஓட்ட ஷூவுக்கும் சேஃப்டி ஷூவுக்கும் வித்தியாசம் உண்டு. முனையில் இரும்புத் தொப்பி இருக்கிறது. இந்தியத் தரமான ஐ.எஸ். 15298இன்படி அது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். காற்று அந்த வழியாக உள்ளே வரவே முடியாது. கணுக்காலைச் சுற்றிப் பஞ்சு வைத்த பட்டி, தடித்த லைனிங், கீழே வார்க்கப்பட்ட பாலியூரித்தேன் சோல் என்று எல்லாமே ஈரத்தைப் பிடித்துவைக்கும் அமைப்பு. இதை வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பது சரிவராது. லைனிங்குக்குப் பின்னால் போகும் தண்ணீர் பல நாள் வெளியே வராது, இரும்பும் மெல்லத் துருப்பிடிக்கும். வாஷிங் மெஷினில் போடுவது தோலுக்கும் சோல் ஒட்டுக்கும் கேடு. காற்றுக்காகப் பக்கத்தில் துளை போட்டுக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எண்ணெயும் சூடான இரும்புத் தூளும் உள்ளே போவதற்கு அதுவே வழியாகிவிடும்.

லேஸைக் கழற்றி, நாக்கை முழுதாக வெளியே இழுத்து, பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையான இன்சோலைப் பிரித்தோம். பெரும்பாலான ஷூக்களில் அது குதிகால் பக்கம் மட்டும் லேசாக ஒட்டியிருக்கும். கூரில்லாத கத்தியை அடியில் நுழைத்து நெம்பினால் வந்துவிடும். முழுதும் ஒட்டியிருந்தால் முடி உலர்த்தும் கருவியால் கொஞ்சம் சூடு காட்டினால் பசை இளகும். பிரித்த இன்சோலை மூக்கருகே கொண்டுபோனாலே தெரிந்துவிடும், நாற்றத்தின் களஞ்சியம் அதுதான் என்று. விரல்கள் பதியும் இடத்தில் கறுத்து, நுரைப்பஞ்சு நசுங்கி, அடியில் ஈரக் கறை படிந்திருந்தது. என் கருத்து: ஆறு மாதத்துக்கு மேல் தினமும் மிதித்த இன்சோலைக் கழுவிப் போராடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. மின்னணுப் பாகங்கள் பூட்டும் பிரிவில் நிலைமின்சாரம் சேராத வகை ஷூ தருவார்கள். அதற்குள் ஏதோ ஒரு இன்சோலை வாங்கிப் போட்டால் மின்சாரம் தரைக்கு இறங்கும் வழி அடைபடலாம். அந்த ஷூவைத் தயாரித்தவர்கள் தரும் இன்சோலைத்தான் போட வேண்டும்.

என் இன்சோல் புதிது என்பதால் கழுவினோம். ஒரு பங்கு வெள்ளை வினிகர், இரண்டு பங்கு தண்ணீர் கலந்த தட்டில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் பழைய பல் துலக்கும் பிரஷால் இருபுறமும் தேய்த்து, நுரை போகும்வரை அலசி, துண்டுக்கு நடுவே வைத்து மிதித்துத் தண்ணீரை எடுத்தோம். முறுக்கிப் பிழிந்தால் நுரைப்பஞ்சு கிழியும்.

ஷூவின் உட்புறத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், அதில் சில துளி பாத்திரத் திரவம். நன்றாகக் கலக்கி, மேலே மிதக்கும் நுரையை மட்டும் பிரஷில் எடுத்து லைனிங்கைத் தேய்க்க வேண்டும். விரல் முனைக்குள் கை போகாத இடத்துக்குக் குச்சியில் துணி சுற்றிக்கொண்டோம். பிறகு ஈரத் துணியால் துடைத்து, துணியை அலசி, மறுபடியும் துடைத்து, நுரை வருவது நிற்கும்வரை இதையே செய்தோம். பொறுமை வேண்டிய கட்டம் இதுதான், பலரும் தாண்டிப் போவதும் இதைத்தான். எண்ணெய்ப் பிசுக்கும் தோல் அழுக்கும் கிருமிக்கு உணவு மட்டும் இல்லை, கவசமும்கூட. அதன் மேல் கிருமிநாசினி அடித்தால் மேல்பரப்போடு நின்றுவிடும்.

பிசுக்கு போன பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி உள்ளே நனையும்படி அடித்தோம். 99 சதவீதம் இன்னும் வீரியமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தண்ணீர் கலந்த 70 சதவீதம்தான் கிருமியின் புரதத்தை நன்றாகச் சிதைக்கிறது, சட்டென்று ஆவியாகாமல் கொஞ்ச நேரம் நிற்கவும் செய்கிறது. அடிக்கும் முன் உள்ளே ஒரு மூலையில் தொட்டுச் சாயம் போகிறதா என்று பார்ப்பது நல்லது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ பூஜை விளக்கோ எரியக் கூடாது. பிளீச்சிங் திரவத்தைச் சிலர் சொல்வார்கள். அது நைலான் லைனிங்கையும் தையல் நூலையும் அரிக்கும். வினிகர் பட்ட இடத்தில் அது பட்டால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். அறைக்குள் அந்த விளையாட்டே வேண்டாம்.

ஆப்ப சோடாவுக்கு இதில் உண்மையான பங்கு உண்டு. ஐசோவலேரிக் அமிலம் ஆவியாகி மூக்குக்கு வருவதால்தான் நாறுகிறது. ஆப்ப சோடா அதனோடு சேர்ந்து உப்பாக மாற்றிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, அதனால் வாடை அடங்குகிறது. ஆனால் கிருமியை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் வெறும் சோடாத் தூளைத் தூவி வைத்தவர்களுக்கு இரண்டு நாளில் நாற்றம் திரும்பிவிடுகிறது. ஷூ உலர்ந்த பிறகு ஒரு மெல்லிய பழைய சாக்ஸில் இரண்டு தேக்கரண்டி போட்டு முடிச்சிட்டு உள்ளே வைத்தோம். தோல் லைனிங்கின் மேல் நேரடியாகத் தூவினால் காலப்போக்கில் தோல் விறைத்துப்போகும். வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கும், பார்க்க வேகமாக இருக்கும். ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு கடைசியில் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் தனி வேளை உண்டு.

இவ்வளவும் ஒரு மாலை வேலை. இதன் பலன் நிலைக்குமா என்பது உலர்த்துவதில்தான் இருக்கிறது.

வெயிலில் வைக்கலாமே என்பார்கள். காலை வெயில் நல்லதுதான். ஆனால் மே மாத மொட்டைமாடித் தரையிலும் மூடிய காரின் கண்ணாடிக்குப் பின்னாலும் ஏறும் சூட்டில் சோலை ஒட்டியிருக்கும் பசை இளகும், தோல் வெடிக்கும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணிப்பது நல்ல பழைய முறை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால்தான் பயன். ஈரம் குடித்த தாளை இரவு முழுவதும் உள்ளேயே விட்டால் அதுவே ஈரத்தைக் காத்துவைக்கும். தினமும் ஷிப்ட் முடிந்து தூங்கப் போகிறவர் நடுராத்திரியில் எழுந்து தாள் மாற்ற முடியாது. அதனால்தான் விசிறிப் பெட்டி. ஒரு டப்பாவுக்குள் விசிறி ஊதும் காற்று, மூடியில் நிற்கும் இரண்டு குழாய்கள் வழியாக, அவற்றின் மேல் கவிழ்த்து மாட்டிய ஷூக்களுக்குள் போகும்.

தேவைப்பட்டவை: பழைய கணினியிலிருந்து கழற்றிய 12 வோல்ட், 120 மில்லிமீட்டர் விசிறி, வேலை செய்யாத இணைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர், மூடியுள்ள செவ்வகப் பிளாஸ்டிக் டப்பா, அரிசி பருப்பு கொட்டி வைக்கும் அளவில், ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாய் கொஞ்சம், குழாய்களை இணைக்கும் கப்ளர் நான்கு, விசிறிக்குக் கம்பி வலை, கொசுவலைத் துண்டு.

குழாயின் அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு அங்குலக் குழாய் மலிவு, ஷூவுக்குள் சுலபமாகவும் நுழையும். ஆனால் கணினி விசிறி காற்றை நிறையத் தள்ளுமே தவிர, அதற்கு அழுத்தம் குறைவு. குறுகலான வழியைக் கண்டால் காற்று திரும்பி விசிறி வழியாகவே வெளியேறப் பார்க்கும். வழி அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். கணுக்கால் வரை வரும் ஷூவுக்கு மூடிக்கு மேலே இருபது சென்டிமீட்டர் உயரம் போதுமானது. ஷூவின் வாய் மூடியில் முட்டாமல் விரலளவு இடைவெளி விட்டு நிற்கும். ஈரக் காற்று அந்த வழியாக வெளியே போகும். குழாயின் மேல் முனையைச் சாய்வாக அறுத்து, அந்தச் சாய்வு ஷூவின் விரல் பக்கம் பார்க்கும்படி வைத்தேன். நேராக அறுத்தால் காற்று குதிகாலில் மோதி அங்கேயே சுழலும். முனைப் பகுதி ஈரமாகவே கிடக்கும்.

டப்பா மூடியில் இரண்டு ஓட்டைகள், நடுவே ஒரு ஜாண் இடைவெளி. பி.வி.சி. பசை இந்த வகைப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. அதனால் மூடிக்கு மேலே ஒரு கப்ளர், கீழே ஒரு கப்ளர் வைத்து, நடுவே சிறு குழாய்த் துண்டைச் செருகி, மூடியை இரண்டுக்கும் இடையே இறுக்கிப் பிடிக்கவைத்தேன். சேஃப்டி ஷூ கனமானது; இந்தப் பிடி இல்லாவிட்டால் குழாய் சாயும். டப்பாவின் ஒரு பக்கத்தில் விசிறியின் வட்டத்தை வரைந்து அறுத்து, காற்று உள்ளே போகும்படி விசிறியை நான்கு திருகால் பொருத்தினேன். காற்று போகும் திசை விசிறியின் சட்டத்திலேயே அம்புக்குறியாக இருக்கும்; இல்லாவிட்டால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துப் பார்த்தால் தெரியும். விசிறிக்கும் டப்பாவுக்கும் இடையே உள்ள இடுக்கை நுரைப்பட்டி ஒட்டி அடைத்தேன். வெளியே கொசுவலை, அதன் மேல் கம்பி வலை.

வயர் இணைப்பு எளிது. பொதுவாகச் சிவப்பு நேர்மின், கறுப்பு எதிர்மின். மூன்றாவதாக மஞ்சள் வயர் இருந்தால் அது வேகத்தைக் கணினிக்குச் சொல்லும் வயர். அதன் முனையை டேப் சுற்றி விட்டுவிடலாம். அடாப்டரின் முனைகளில் எது நேர், எது எதிர் என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு ஒட்ட வேண்டும். என் விசிறி 0.2 ஆம்பியர் எடுக்கிறது, அதாவது 2.4 வாட். ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ நானூறு மணி நேரம் ஓடும். இரவெல்லாம் ஓடினாலும் மின்கட்டணத்தில் தெரியாது.

உலர்ந்ததா இல்லையா என்பதைக் கை சரியாகச் சொல்லாது. குளிர்ந்த தோலும் ஈரமும் விரலுக்கு ஒன்றுபோலவே இருக்கும். சமையலறைத் தராசு சொல்லும். ஷூவை நிறுத்து எழுதிக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை இறங்குவது நின்றுவிட்டால் ஈரம் போய்விட்டது. கழுவிய ஷூ கட்டிலுக்கு அடியில் பல நாள் இழுத்தடிக்கும். பெட்டியில் மாட்டினால் மறுநாள் காலைக்குள் எடை நிலைக்கு வந்துவிடுகிறது. கழுவாமல் வெறுமனே ஷிப்ட் முடிந்து வந்த ஷூவுக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்திலிருந்து தூங்கும் நேரம் வரை போதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் கூடுதல் யோசனை தேவை. வெளிக்காற்றிலேயே 90 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது அதை ஊதினால் எதுவும் மெதுவாகத்தான் உலரும். ஆனால் 26 டிகிரியில் 90 சதவீதம் ஈரமுள்ள அதே காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 63 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். குடிக்கும் சக்தி காற்றுக்குக் கூடிவிடும். இதற்காகப் பெட்டிக்குள் குண்டு பல்பு வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்குள், ஆள் தூங்கும் அறையில் அதை நான் செய்ய மாட்டேன். குளிர்சாதனப் பெட்டியின் பக்கச்சுவரோ பின்புறமோ எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். விசிறி அந்தக் காற்றை இழுக்கும்படி பெட்டியைப் பக்கத்தில் வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது. ஏ.சி. ஓடும் அறை இருந்தால் இன்னும் நல்லது; ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுகிறது.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வீட்டு ஃப்ரீசரின் குளிரில் பல பாக்டீரியாக்கள் உறங்கும், காலின் சூடு பட்டதும் எழுந்துகொள்ளும். பாச்சை உருண்டையை ஷூவுக்குள் போடுவதை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன். அதிலுள்ள நாப்தலினின் ஆவி, ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அந்தக் குறைபாடு வீட்டில் யாருக்கு இருக்கிறது என்று பலருக்கும் தெரியாது. கரியில் கொட்டாங்கச்சியிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் வாடையை நன்றாக உறிஞ்சும். அடுப்புக் கரியில் அந்த அளவுக்கு நுண்துளைகள் இல்லாததால் பெரிய பயன் இல்லை.

தினசரிப் பழக்கத்தில் மூன்று மாற்றங்கள் செய்தோம். சாப்பாட்டு இடைவேளையில் சாக்ஸை மாற்றுவது. காலைக் கழுவினால் விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி எடுப்பது. சேற்றுப்புண் ஆறிய பிறகு, இரவில் படிகாரக் கட்டியை நனைத்து உள்ளங்காலில் தேய்த்து உலரவிடுவது. முடிதிருத்தும் கடையில் சவரத்துக்குப் பிறகு தேய்ப்பார்களே, அதே படிகாரம்தான். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். அது தோலைச் சுருக்கி வியர்வையைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும், கிருமிகளையும் அடக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதைச் செய்யாமல் மருத்துவரைக் கேட்பது நல்லது.

இரண்டாவது ஜோடி வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுங்கள். ஒன்று உலரும்போது மற்றதைப் போடலாம், இரண்டும் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒன்றை வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து தானாகவே சிதைந்துபோகும். புதிது போலத் தெரியும் ஷூ ஒரு நாள் நடக்கும்போதே பொடியாக உதிரும்.

விசிறிப் பெட்டி இப்போது பயிற்சிப் பையன்களின் அறையில் இருக்கிறது. இரண்டு குழாய்கள் அத்தனை பேருக்குப் போதவில்லை. முறை வைத்துக்கொண்டு மாட்டுகிறார்கள். அடுத்த பெட்டியை எட்டுக் குழாயோடு செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு குழாய்க்கு ஒரு விசிறி என்று நான்கு விசிறிகளை வைத்து, உள்ளே தடுப்பு அடித்து நான்கு அறைகளாகப் பிரிக்கப் போகிறேன். இல்லாவிட்டால் ஷூ மாட்டாத குழாய் வழியாகவே எல்லாக் காற்றும் போய்விடும். நான்கும் சேர்ந்து 0.8 ஆம்பியர்தான் வரும், ஆனால் அந்த 1 ஆம்பியர் அடாப்டரை இரவு முழுவதும் அவ்வளவு நெருக்கிப் பிடிக்க எனக்கு மனமில்லை. 2 ஆம்பியர் ஒன்றைப் பழைய பொருள் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.